பெற்றோருக்கு: இரண்டாம் பருவம், கும்பகோணம் சுற்றுலா, அப்புறம் செல்போன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது, கோகோ அணி வட்டாரப் போட்டியில் கோப்பை வாங்கியது, பேச்சு, ஓவியம் இரண்டிலும் பரிசு வந்தது. எல்லோருக்கும் பாராட்டு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

டிசம்பர் முதல் வாரம் எட்டாம் வகுப்பைக் கும்பகோணத்தில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டுக்கு அழைத்துப் போனோம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருக்கும் சின்ன ஓட்டு வீடு. 2003-இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கிப் பராமரித்து வருகிறது. நம் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், நாம் கேட்டதும் ஒரு பைசா வாங்காமல் சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்து பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். தெருவைப் பார்த்த ஜன்னல், அதை ஒட்டி ஒரு கட்டில், பத்துப் பேர் நின்றாலே இடிக்கும் அறை. காகிதம் வாங்க வசதியில்லாமல் ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்ததை அவர் சொன்னபோது பிள்ளைகள் தங்கள் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பையிலிருந்து குத்துப்பாட்டு. எடுத்தால் அம்மா, “சாப்பிட்டியாப்பா?” என்கிறார். அது அடங்குவதற்குள் அடுத்த பை. ஐயா பேச்சை நிறுத்திவிட்டுப் பொறுமையாக நின்றார், நான்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். இந்தக் கலவரத்தில் ஒரு மாணவன் அந்தக் கட்டிலில் சாய்ந்து செல்பி எடுத்துக்கொண்டிருந்தான். கணக்கில் கெட்டிக்காரன், அதுதான் வருத்தம். அங்கிருந்த பணியாளர் சத்தம்கூடப் போடவில்லை, “எழுந்திரு தம்பி” என்றதோடு சரி.

பஸ்ஸில் ஏறும் முன் எண்ணினோம், 11 போன்கள். போன் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று சம்மதக் கடிதத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது, கீழே உங்கள் கையெழுத்தும் இருந்தது.

உங்கள் கவலை புரியாமல் இல்லை. பிள்ளையை வெளியூர் அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது எனக்கும் தெரியும். அதற்காகத்தான் உடன் வரும் இரண்டு ஆசிரியர்களின் எண்ணையும் கொடுக்கிறோம், எத்தனை தடவை வேண்டுமானாலும் அவர்களைக் கூப்பிடுங்கள். ஆனால் இனிமேல் பள்ளிக்கோ சுற்றுலாவுக்கோ போன் வந்தால் அலுவலக பீரோவில் பூட்டி வைப்போம். பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க முடியும், பிள்ளை கையில் தர மாட்டோம். இரண்டாம் முறை பிடிபட்டால் அடுத்த சுற்றுலாவில் இடமில்லை. யார் வீட்டுப் பிள்ளையானாலும் இதுதான், சிபாரிசுக்கு ஆள் அனுப்ப வேண்டாம்.

கோபமாக எழுதிவிட்டேனோ என்னவோ. அன்று விடிகாலையில் எழுந்து புளிசோறு கட்டிக் கொடுத்த அம்மாக்களுக்கும், ஐயாவுக்கென்று தனியாகத் தயிர்சாதம் கொடுத்துவிட்டவருக்கும், இரவு எட்டரை மணிவரை வாசலில் காத்திருந்த அப்பாக்களுக்கும் மனமார்ந்த நன்றி. திரும்பும் வழியில் ஒரு மாணவி பஸ் ஜன்னல் தூசியில் விரலால் ராமானுஜன் எண் என்கிற 1729-ஐ எழுதி, கீழே 12-க்கும் 1-க்கும் கனம் (அதே எண்ணை மூன்று தடவை போட்டுப் பெருக்கினால் வருவது), பக்கத்தில் 10-க்கும் 9-க்கும் கனம் என்று போட்டு, இரண்டு விதமாகக் கூட்டினாலும் அதே 1729 வருவதைக் காட்டினாள். அடுத்த வருஷமும் வருவதாக ஐயா சொல்லியிருக்கிறார்.

இணைத்திருக்கும் சீட்டில் கையெழுத்திட்டு, பொங்கல் விடுமுறைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்