இதமான சூடும் தோலை வேகவைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல்வலிக்கு வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வைத்தியங்களைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை பயனுள்ளதாகவே இருந்தது. ஆனால் மின்சார ஹீட்டிங் பேடைப் பற்றி, 'பக்கவிளைவே இல்லாதது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்' என்று அதில் போகிற போக்கில் எழுதியிருந்தது சரியன்று. பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ள என் தாயார், மிகக் குறைந்த சூட்டில் வைத்த பேடின்மீது பாதங்களை நீட்டியபடியே ஒரு நாள் இரவு உறங்கிவிட்டு, காலையில் குதிகாலில் உள்ளங்கை அகலக் கொப்புளத்தோடு எழுந்தார். சூடு பட்டதே தெரியவில்லை என்றார். அது உண்மைதான். நீரிழிவால் நரம்புகள் பாதிக்கப்பட்டு மரத்துப்போன பாதத்துக்கு, காலை இழுத்துக்கொள் என்று எச்சரிக்கை தருவதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

தோல் வெந்துபோவதற்குச் சூட்டின் அளவு மட்டும் காரணமன்று. அது எவ்வளவு நேரம் படுகிறது என்பதும் அதே அளவுக்குக் காரணம். 60 டிகிரி செல்சியஸ் சூடு சுமார் 5 விநாடிகளில் செய்யும் சேதத்தை, கைக்கு இதமாகவே தோன்றும் 44 டிகிரி சூடு ஏறத்தாழ 6 மணி நேரத்தில் செய்துவிடும் என்பதை மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1947ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள். ஆறு மணி நேரம் என்பது ஓர் இரவுத் தூக்கம். போதாக்குறைக்கு, நரம்புகள் நன்றாக இருப்பவர்களுக்கும் சற்று நேரத்தில் சூடு பழகிப்போய், அது குறைந்துவிட்டதாகத் தோன்றும்; உடனே கை தானாகவே பொத்தானை இன்னும் ஒரு படி உயர்த்தும்.

பேடிலேயே தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்று கேட்கலாம். பேடின் உள்ளே வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய கம்பியின் மின்தடையால் மின்சாரம் வெப்பமாகிறது. சூடு வரம்பை எட்டியதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்து, ஆறியதும் மீண்டும் இணைக்கிறது. ஆனால் அது அறிவது தான் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தின் சூட்டைத்தானே தவிர, நம் தோலின் சூட்டை அன்று. பேடை உடலின்மேல் வைத்தால், மிஞ்சும் வெப்பம் மறுபக்கம் வழியாகக் காற்றில் கலந்துவிடும். அதன்மேல் நாம் படுத்துக்கொண்டால், கீழே மெத்தையும் மேலே உடலும் அடைத்துக்கொள்ள, வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. உடலின் பாரம் அழுத்துவதால், தோலின் சூட்டை வழக்கமாக அள்ளிச் செல்லும் இரத்த ஓட்டமும் அந்த இடத்தில் குறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் சேர்ந்து 1995ஆம் ஆண்டு வெளியிட்ட எச்சரிக்கையில், பேடை உடலுக்கு மேலே வைக்க வேண்டும், அடியில் வைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டிருப்பதன் பொருள் இதுதான். பெட்டியோடு வரும் பொடியெழுத்துத் தாளிலும் இது இருக்கும். நான் அதைப் படித்தது கொப்புளத்துக்குப் பிறகுதான்.

பேடை மடித்து வைப்பதும் ஆபத்தே. மடிப்பில் வெப்பம் குவிகிறது, நாளடைவில் கம்பியும் அறுகிறது. மின்சாரம் வேண்டாத வகைகளும் உண்டு: சோடியம் அசிடேட் கரைசல் உறைந்து படிகமாகும்போது வெளிவிடும் வெப்பத்தால் இயங்கும் பை ஒன்று, இரும்புத் தூள் காற்றுபட்டுத் துருப்பிடிக்கும் வெப்பத்தால் இயங்கும் ஒட்டுப்பை மற்றொன்று. இவற்றில் கம்பி இல்லை என்பதற்காக மேலே சொன்ன நேரக் கணக்கு மாறிவிடாது.

வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு அதன்மேலேயே பேடை வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தைலத்தின் எரிச்சலும் பேடின் சூடும் சேர்ந்தால் தோல் புண்ணாகும். ஃபென்டனில் போன்ற வலிநிவாரணி ஒட்டுகளின்மீது சூடு பட்டால் இன்னும் மோசம். மருந்து அளவுக்கு மீறி உடலில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்துக்குச் சூடு உதவாது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு வைப்பவர்களுக்கு அங்கே வலைபோன்ற பழுப்புத் தழும்பு படர்வதுண்டு. அதைக் கண்டால் சூடு வைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஹீட்டிங் பேடே கூடாது என்று நான் சொல்லவில்லை. இறுகிய தசையைத் தளர்த்தி இரத்த ஓட்டத்தைக் கூட்டும் எளிய சாதனம் அது. 15 முதல் 20 நிமிடம், இடையில் ஒரு துணி, விழித்திருக்கும்போது மட்டும் என்ற மூன்று குறிப்புகளையும், நீரிழிவாளர்கள் பாதங்களில் வைக்கவே கூடாது என்பதையும் அதே பக்கத்தில் ஒரு சிறு கட்டமாகவேனும் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன். என் தாயார் இப்போதும் அதே பேடைத்தான் பயன்படுத்துகிறார். முதுகுக்கு மட்டும், நாற்காலியில் உட்கார்ந்தபடி, நான் முதலில் கைவைத்துச் சூட்டைப் பார்த்த பிறகு. பாதங்களுக்குக் கம்பளிக் காலுறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்