நட்டவங்க பேருக்கு நிவாரணம் வரணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வெள்ள நிவாரணம் ஹெக்டேருக்கு எவ்வளவு, எப்ப வரும்னு எல்லா பேப்பர்லயும் போடுறாங்க, ஆனா அந்தப் பணம் யாரு கைக்குப் போகுதுன்னு எழுதி நான் பாத்ததில்ல, அதான் இந்த லெட்டர்.

நாங்க திருவாரூர் மாவட்டம். அப்பா ஆறு மா நெலம், அதாவது ரெண்டு ஏக்கர், குத்தகைக்கு எடுத்து சாகுபடி பண்றாரு. 2023 பிப்ரவரி முதல் வாரம் பேஞ்ச மழை டெல்டாக்காரங்க யாருக்கும் மறந்திருக்காது, சம்பா அறுப்புக்கு நிக்குற நேரம், மெஷினுக்கு சொல்லி வச்சிருந்தோம், மூணு நாள்ல கதிரெல்லாம் சாஞ்சு தண்ணியில கெடந்து நெல்லு வயல்லயே முளைச்சுடுச்சு. அப்பா ஒரு பிடி கதிரத் தூக்கிக் காட்டுனாரு, வெள்ளையா முளை தொங்குது. நகைய அடகு வச்சு உரம் வாங்குன வயல் அது.

33 சதவீதத்துக்கு மேல சேதம்னா ஹெக்டேருக்கு 20,000 ரூபாய்னு அரசு அறிவிச்சுது. கணக்கெடுக்க வந்தவங்கள வரப்புல கூட்டிட்டு நடந்தது எங்கப்பா. ஆனா பணம் ஏறுனது பட்டா யாரு பேர்ல இருக்கோ அவங்க அக்கவுண்ட்ல, அவங்க வெளியூர்ல இருக்காங்க. அவங்க மேல எனக்கு கோவம் கெடையாது, அந்த வருஷம் குத்தகையில ரெண்டு மூட்டை குறைச்சுக்கிட்டாங்க. ஆனா அது அவங்க மனசு, எங்க உரிமை இல்லையே.

குத்தகையப் பதிவு பண்ண வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. 1969லயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தாச்சு, ஆனா பதிவு பண்ணலாமான்னு வாயத் திறந்து கேட்டா அடுத்த போகத்துக்கு நெலம் கெடைக்காதுன்னு எங்கப்பாவுக்கு பயம். எங்க பக்கம் முக்காவாசி வாய்ப்பேச்சுக் குத்தகைதான். வருஷத்துக்கு 6,000 ரூபாய் வர்ற பிஎம் கிசானும் நெலம் சொந்தமா இருக்கறவங்களுக்கு மட்டுந்தான், அதுவும் எங்களுக்கு இல்ல.

எனக்குப் புரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. அதே நெலத்து நெல்ல நேரடி கொள்முதல் நிலையத்துல போடணும்னா இவருதான் சாகுபடி பண்றாருன்னு விஏஓ சர்டிபிகேட் தராரு, அத வச்சு நெல்லுக்காசு அப்பா அக்கவுண்ட்லயே ஏறுது. நல்லா வெளைஞ்சா அரசுக்கு எங்கப்பா யாருன்னு தெரியுது, வெள்ளத்துல போனா மட்டும் தெரியலயா? முந்தின வருஷம் கொள்முதல்ல இருக்குற பேரு, உரம் வாங்குன பில்லு, பக்கத்து வயல்காரங்க ரெண்டு பேரு சாட்சி, இதெல்லாம் போதாதா?

எந்த வயல்ல என்ன பயிர்னு விஏஓ குறிக்கிற அடங்கல் கணக்க எழுதும்போதே சாகுபடி பண்றவங்க பேர கட்டாயம் போடணும், பட்டாதாரர் சம்மதக் கடிதம் கேட்டு அலைய விடக்கூடாது. கணக்கெடுப்பு முடிஞ்சதும் எந்த சர்வே நம்பருக்கு யாரு பேர எழுதியிருக்காங்கன்னு ஊராட்சி ஆபீஸ்ல லிஸ்ட் ஒட்டணும், பணம் ஏறுறதுக்கு முன்னாடியே ஒட்டணும், அப்பதான் தப்பு இருந்தா சொல்ல முடியும். ஏறுனப்புறம் போய் நின்னா எங்களுக்குக் கெடைச்ச பதில் "நீங்க பேசித் தீத்துக்கங்க"ங்கறதுதான்.

இப்படிக்கு,
குத்தகை விவசாயி ஒருத்தரோட மகள்,
திருவாரூர் மாவட்டம்