ரத்தப் புற்றுநோய் வார்டிலிருந்து ஒரு நன்றி மடல்

இரவு டூட்டி செவிலியர்கள், நுண்ணுயிரியல் லேப் பணியாளர்கள், மருந்தகத்தார், துப்புரவுப் பணியாளர்கள், நோயாளிகளின் வீட்டார் எல்லோருக்கும் வணக்கம்.

கீமோவுக்குப் பின் நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு) 500-க்குக் கீழே இறங்கியவருக்குப் புண் இருந்தாலும் சீழ் கோக்காது. பல சமயம் காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். 100.4 டிகிரி நீடித்தபோது, "பாரசிட்டமால் போட்டுக் காலையில் பார்ப்போம்" என்று விடாமல் டாக்டரை எழுப்பிய செவிலியர்களுக்கு முதல் நன்றி. ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். அதற்கும் முன்னால் கல்ச்சர், அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுப்பது.

அந்த அவசரத்திலும் நீங்கள் பொறுமையாக எடுக்கிறீர்கள். குளோர்ஹெக்சிடின் தேய்த்து, அது காயும்வரை காத்திருந்து, பாட்டில் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 10 மி.லி. ரத்தம். ஒரு செட் சென்ட்ரல் லைனிலிருந்து (பெரிய ரத்தக் குழாயில் போட்டிருக்கும் டியூப்), ஒரு செட் கை நரம்பிலிருந்து. ரத்தம் குறைந்தால் கிருமி தப்பிவிடும். மருந்து காயுமுன் குத்தினால் தோலில் கிடந்த கிருமி பாட்டிலில் வளர்ந்து, வீணாக வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஓடும். இரண்டு செட்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் எடுத்திருந்தால்தான், லைன் பாட்டில் 2 மணி நேரம் முந்திப் பாசிட்டிவ் ஆகும்போது கிருமி லைனில் இருக்கிறதோ என்று சந்தேகிக்க முடியும்.

லேப் நண்பர்களே, அச்சடித்த ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் "கிராம் நெகட்டிவ்" என்று கிருமியின் வகையைப் போனில் சொன்னீர்களே, அது பெரிய உதவி. கிளெப்சியெல்லா என்ற கிருமி மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கு மசியாதபோது, மருந்தைச் சிதைக்கும் எந்த என்சைம் அதில் இருக்கிறது என்றும் பார்த்துச் சொன்னீர்கள். ஆக்ஸா-48 என்ற என்சைம் மட்டும் என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற மருந்து பெரும்பாலும் கைகொடுக்கும். என்டிஎம் என்ற என்சைம் இருந்தால் அந்த மருந்து தனியாகப் பலிக்காது, அஸ்ட்ரியோனாம் என்ற இன்னொரு மருந்தும் சேர வேண்டும். விலையோ கேட்கவே வேண்டாம். தெரியாமல் தொடங்கினால் பணமும் போச்சு, நாளும் போச்சு.

மூன்றாம் நாள் தவறாமல் "காய்ச்சல் இல்லை, கல்ச்சர் நெகட்டிவ், இன்னும் மெரோபெனம் எதற்கு?" என்று கேட்கும் மருந்தகத்தாரே, அந்தக் கேள்வி எங்களுக்குச் சில நாள் எரிச்சல்தான். ஆனாலும் கேளுங்கள். ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று 2012-இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி உருவாக்கிய சென்னைப் பிரகடனம் சொன்னது வார்டில் நடப்பது இப்படித்தான்.

கைகழுவும் சிங்க்கில் மிச்ச ட்ரிப்ஸையும் டீயையும் கொட்டவிடாமல் காவல் காக்கும் துப்புரவு அக்காக்களுக்கு நன்றி. அந்தக் குழாய் வளைவில்தான் சூடோமோனாஸ் என்ற கிருமி குடியிருக்கும். தண்ணீர் தெறித்தால் கூடவே வரும்.

வீட்டாருக்கும் நன்றி: அலமாரியில் கிடந்த பழைய மாத்திரையைக் கொடுக்காமல் நேரே அழைத்து வந்தீர்கள். அடுத்த கீமோவுக்கும் தெர்மாமீட்டர் பையிலேயே இருக்கட்டும். வாயிலோ அக்குளிலோ வையுங்கள், ஆசனவாயில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
வார்டு மருத்துவர்கள்