குட்டி டிராக்டர்ல ஹைட்ராலிக்: எத மாட்டலாம், எத மாட்டக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல சின்ன டிராக்டருக்கு ஹைட்ராலிக் அட்டாச்மென்ட், அதாவது பம்பு தள்ளுற ஆயிலோட அழுத்தத்துல வேலை செய்யிற கருவி மாட்டுனா ஒரே வண்டில எல்லா வேலையும் பாத்துரலாம்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. படிச்சேன், பாதி சரி. மீதி பாதிய யாராவது எழுதியே ஆகணும், ஏன்னா எங்க வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கமெல்லாம் இப்ப 20ல இருந்து 28 எச்பி வரைக்கும் உள்ள குட்டி டிராக்டர்தான் கண்ணுல நெறைய படுது, வாங்குறவங்க பூராம் ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர் வச்சிருக்கவங்க, லோன் போட்டு வாங்குறவங்க. அவங்க உங்க கட்டுரைய படிச்சிட்டு நேரா லேத் பட்டறைக்குப் போயி முன்னாடி டோசர், பின்னாடி தோண்டுற பக்கெட்டுனு மாட்டிட்டு வந்து நின்னா அப்பறம் வருத்தப்பட்டு என்ன ஆகப்போகுது.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன். ஹைட்ராலிக் லிப்ட்டு வந்ததே சின்ன வண்டிய காப்பாத்தத்தான். அந்தக் காலத்துல கலப்பைய சும்மா பின்னாடி கொக்கில மாட்டி இழுப்பாங்க, கலப்பை பாறைல மாட்டுனா டிராக்டர் முன்பக்கம் தூக்கிப் பின்னாடியே கவுந்துரும், ஓட்டுறவர் அடில. அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன்தான் மேல ஒரு லிங்க் கீழ ரெண்டு லிங்க்னு மூணு இடத்துல மாட்டி, அத ஹைட்ராலிக்ல தூக்குற முறைய கொண்டு வந்தார், 1939ல போர்டு கம்பெனியோட சேந்து வந்த 9என் டிராக்டர்ல அது ஊரெல்லாம் பரவுச்சு. அந்த வண்டியே 20 எச்பி சொச்சம்தான், எடை சுமாரா ஒரு டன். கலப்பை மண்ணுல இழுபடுற பாரத்த பின் வீல் மேல ஏத்திவிடுறதால எடை கம்மியான வண்டியும் வழுக்காம உழுதுச்சு. இன்னைக்கு நம்ம குட்டி வண்டி அஞ்சு கொத்து கலப்பைய இழுக்குதுன்னா அந்த மூணு லிங்க்கோட புண்ணியம். ஒண்ணு மட்டும் பாத்துக்கணும், சில சின்ன மாடல்ல பொசிஷன் கன்ட்ரோல் (கலப்பைய ஒரே உயரத்துல நிறுத்துறது) மட்டும்தான் இருக்கும், ட்ராப்ட் கன்ட்ரோல் (மண்ணோட இழுப்புக்குத் தக்கன கலப்பைய தானா ஏத்தி இறக்குறது) இருக்காது. ஒரே வயல்ல கொஞ்சம் இளக்கம் கொஞ்சம் இறுக்கம்னு மண்ணு மாறி மாறி வர்றவங்களுக்கு ட்ராப்ட் இல்லாம ரொம்ப சிரமம், எந்நேரமும் லிவர்லயே கை இருக்கணும்.

அடுத்து டிப்பர் ட்ராலி. கம்மாய்ல கரம்பை அள்ளிட்டு வந்து தோட்டத்துல கொட்டுறதுக்கும், எரு அடிக்கிறதுக்கும் இதவிட நல்ல துணை கெடையாது. முன்னல்லாம் ஒரு நடைக்கு ரெண்டாளு நின்னு மம்பட்டியால தள்ளுவாங்க, இப்ப லிவர தூக்குனா தானா சரியுது, ஆள் கெடைக்காத ஊருல அது எம்புட்டு பெரிய விஷயம்னு விவசாயம் பாக்குறவங்களுக்குத்தான் தெரியும். தென்னந்தோப்பு, கொய்யாத் தோப்புக்காரங்களுக்கு ரொட்டவேட்டர (சுத்துற கத்தி வச்ச உழவுக் கருவி) ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் வச்சு பக்கவாட்டுல நகத்துற செட்டு வருது, மரத்தடி வரைக்கும் போயி களைய எடுத்துட்டு தூர்ல இடிக்காம வெளில வந்துரலாம். இதெல்லாம் ஹைட்ராலிக்குக்குன்னே உள்ள வேலை. ஒரு தடவ தூக்குறது, ஒரு தடவ சாய்க்கிறது, ஒரு தடவ நகத்துறது, அப்பறம் பம்புக்கு ரெஸ்ட்.

இனிமேத்தான் உங்க கட்டுரை சொல்லாத கணக்கு. சின்ன டிராக்டர விக்கிற இடத்துல 500 கிலோ தூக்கும் 750 கிலோ தூக்கும்னு சொல்லுவாங்க, பம்பு ஒரு நிமிஷத்துக்கு எத்தன லிட்டர் ஆயில் தள்ளும்னு யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. தூக்குறதுக்கு பிரஷர் போதும், ஆனா ஒரு மோட்டார சுத்தணும், பக்கெட்ட வேகமா ஆட்டணும்னா லிட்டர் வேணும். நிமிஷத்துக்கு 20 லிட்டர், 150 பார் பிரஷர்னு வச்சு கணக்கு போட்டா 5 கிலோவாட்டு, அதாவது ஆறரை எச்பிக்கு கொஞ்சம் மேல, அம்புட்டுத்தான். அதே 24 எச்பி வண்டில பிடிஓ ஷாப்ட்ல (இன்ஜின் சக்திய பின்னாடி மாட்டுற கருவிக்கு சுத்திக் குடுக்குற தண்டு) 19, 20 எச்பி வரைக்கும் கெடைக்கும். அதுவும் அந்த ஆறரை எச்பி முழுசா வேலைக்குப் போகாது, பம்புல கொஞ்சம் மோட்டார்ல கொஞ்சம்னு முப்பது சதவீதம் வரைக்கும் சூடாவே போயிரும். 24 எச்பி வண்டிதானே, ஏன் இப்படி இழுவையா இழுக்குதுன்னு கேக்குறவங்களுக்கு இதான் பதில்.

குழி தோண்டுற ஆகர எடுத்துக்கங்க. பிடிஓல ஓடுறது மண்ணு பதமா இருந்தா சடசடன்னு போட்டுக்கிட்டே போகும், சோழவந்தான் பக்கம் வைகைப் படுகைல தென்னங்கன்னுக்கு அதுவே ஜோரா இருக்கு. ஆனா பெரும்பாலும் ரிவர்ஸ் கெடையாது, கல்லுல அடிச்சா ஷியர் போல்ட்டு (பாரம் மீறுனா அறுந்து கருவிய காப்பாத்துற போல்ட்டு) அறுந்துரும், ஈரத்துல திருகாணி மாதிரி உள்ள இறங்கிட்டா பைப்பு ரெஞ்ச் போட்டு ஆள் வச்சு பின்னால சுத்தித்தான் எடுக்கணும். ஹைட்ராலிக் ஆகர்ல கல்லுல மாட்டுனா ரிலீப் வால்வு (பிரஷர் மீறுனா ஆயில திருப்பிவிடுற வால்வு) தொறந்து சுத்துறது நின்னுரும், ஒண்ணும் ஒடையாது, லிவர மாத்துனா ரிவர்ஸ்ல வெளிய வந்துரும். மேலூர், அலங்காநல்லூர் மேட்டுக்காடு மாதிரி சுக்காம்பாறை உள்ள எடத்துக்கு இதான் லாயக்கு, நான் இத மனசாரச் சொல்றேன். ஆனா டிராக்டரோட சொந்த ஆயில்ல நாள் பூரா ஓட்டக்கூடாது. சித்திர வைகாசி வெயில்ல மதுரை 40 டிகிரிய தொடுது, வண்டில இருக்குற கொஞ்சூண்டு ஆயில் திரும்பத் திரும்ப சுத்திச் சூடாகி தண்ணியா இளகிப்போயிரும், சீல் எல்லாம் இறுகி வெடிச்சிரும், சாயங்காலம் பாத்தா கலப்பையக்கூட தூக்க மாட்டேங்கும். தனி டேங்க், பிடிஓல ஓடுற தனி பம்பு வச்சு வர்ற செட்டு இருக்கு, விலை கூடத்தான், ஆனா வாடகைக்கு ஓட்டுறவங்க அதத்தான் வாங்கணும்.

ஆயில்னதும் இன்னொண்ணு, பல வண்டில கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். ஒரு ஓஸ் (ஆயில் போற ரப்பர் குழாய்) வெடிச்சா போறது லிப்ட்டு ஆயில் மட்டுமில்ல, கியர்பாக்ஸ் ஆயிலும் சேந்துதான் போகுது. ஓஸ் மாட்டுற கப்ளிங்க புழுதியோட அப்படியே மாட்டுறாங்க, அந்த மண்ணு நேரா பம்புக்குள்ள போகும். ட்ராலி ஒருத்தர்ட்ட, ஆகர் இன்னொருத்தர்ட்டன்னு இரவல் வாங்கி மாட்டும்போது அவங்க வண்டியோட பழைய ஆயிலும் நம்ம வண்டிக்குள்ள வந்து கலந்துரும். ஒரு துணி, ஒரு டஸ்ட் கேப், செலவு ஒண்ணுமே இல்ல, ஆனா செய்ய மாட்டேங்கிறாங்க.

முன்னாடி டோசர், லோடர், பின்னாடி தோண்டுற கை, இத குட்டி டிராக்டர்ல மாட்டுறத நான் கண்டிப்பா ஏத்துக்க மாட்டேன். ஜேசிபி ஏழு டன்னுக்கு மேல எடை, நம்ம குட்டி வண்டில பலது ஒரு டன் சுமாருதான் வரும். டூவீல் ட்ரைவ் வண்டியோட முன் ஆக்ஸில் ஸ்டியரிங் திருப்பத்தான் போட்டிருக்கு, மண்ணு சுமக்க இல்ல. பின்னாடி தோண்டுற கைய வெறும் மூணு லிங்க்ல தொங்கவிட்டா தோண்டுற இழுப்பு முழுசும் ஹவுசிங் (கியர்பாக்ஸ மூடியிருக்குற இரும்புக் கூடு) மேல வருது, நாளாக நாளாக போல்ட்டு இளகி கேசிங்கே விரிசல் விட்டுரும். கம்பெனியே சப்ஃப்ரேம் (பாரம் தாங்குற சட்டம்) போட்டு, பின்னாடி எதிர் வெயிட்டு போட்டு, இந்த மாடலுக்குன்னு கொடுத்தா அது வேற. பட்டறைல ஆங்கிள் வெட்டி வெல்டு வச்சு மாட்டுறது வேணவே வேணாம். அதவிட மோசம், தூக்க மாட்டேங்குதுன்னு சொன்னா ரிலீப் வால்வுக்குள்ள வாஷர போட்டு பிரஷர ஏத்திக் குடுக்குறாங்க. அந்த வால்வு இருக்குறதே பம்பும் ஓஸும் வெடிக்காம காக்கத்தான்.

உயிர் விஷயம் ரெண்டு. ஓஸ்ல ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து ஆயில் பீச்சுனா கையால தடவிப் பாக்காதீங்க. அந்த பிரஷர்ல ஆயில் தோலைத் தொளச்சு சதைக்குள்ள போயிரும், வெளில பாத்தா எறும்பு கடிச்ச மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட மொதல்ல பெருசா இருக்காது, ஆனா உள்ளுக்குள்ள சதை செத்துக்கிட்டே வரும், வெரலு கையினு எடுக்குற நெலமைக்கு கொண்டு போயிரும். மஞ்சப்பத்து போட்டு வீட்டுல இருக்கக்கூடாது, அன்னைக்கே ஆபரேஷன் பண்ற பெரியாஸ்பத்திரிக்குப் போயி பிரஷர் ஆயில் உள்ள போயிருச்சுன்னு டாக்டர்ட்ட வெவரமா சொல்லணும். ஓட்டைய தேடுறதுக்கு ஒரு காகித அட்டைய நீட்டிப் பாத்தா போதும். இன்னொண்ணு, தூக்குன ட்ராலிக்கு அடில முட்டு குடுக்காம யாரும் தலைய விடக்கூடாது, கரண்டு கம்பிக்கு கீழயும் மேடுபள்ளத்துலயும் ட்ராலிய தூக்கவே கூடாது.

உங்ககிட்ட ஒரு கோரிக்கை. மானியத்துல வர்ற டிராக்டர் எல்லாத்துக்கும் மத்திய பிரதேசத்துல இருக்குற புத்னி மையம் மாதிரி எடத்துல டெஸ்ட் பண்ணுன ரிப்போர்ட்டு இருக்கும், அதுல லிப்ட்டு எவ்வளவு தூக்குது, பம்பு எத்தன லிட்டர் தள்ளுதுங்கறதெல்லாம் அளந்து போட்டிருப்பாங்க. ஷோரூம்ல அத கேட்டு வாங்கிப் பாக்கலாம்னு நம்ம ஆளுகளுக்குத் தெரியல. ஒத்தக்கடை வேளாண் கல்லூரிலயோ வேளாண் பொறியியல் துறைலயோ உள்ள இன்ஜினியர் ஒருத்தர உக்கார வச்சு, இங்க ஓடுற சின்ன வண்டி ஒவ்வொண்ணுக்கும் பம்பு லிட்டர், பிரஷர், எந்த அட்டாச்மென்ட் தாங்கும் எது தாங்காதுன்னு ஒரு பட்டியல் வாங்கிப் போடுங்க. ஆடிப் பட்டத்துக்கு முன்னாடி வந்தா நல்லது, எங்க பக்கம் வண்டி எடுக்கலாம்னு நெனைக்கிறவங்க அப்பத்தான் ஷோரூமுக்கு கெளம்புவாங்க.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, வாடிப்பட்டி வட்டாரம், மதுரை மாவட்டம்