மாப்பிள்ளையை முதலில் செல்லியிடம் கூட்டிக்கொண்டு வா

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஊட்டியில் சாரல் விட்டபாடில்லை. அப்பா நலம், நம்ம குதிரை செல்லியும் நலம்.

குதிரையில் 40 கிலோமீட்டர் போகும் எண்டூரன்ஸ் போட்டிக்கு நீ பேர் கொடுத்ததும், உன்னையும் குதிரையையும் கவனித்துக்கொள்ளும் துணையாளாக, அதான் க்ரூவாக, மாப்பிள்ளை வருவதும் கேட்டு ரொம்ப சந்தோஷம். ஆனால் குதிரைப் பக்கம் நின்றே பழகாதவர் அவர். களத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. களைத்து வந்து இறங்கும்போது உனக்குப் பேச்சே வராது. அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கும் குதிரை என்றால் நடுக்கம்தான். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

முதலில் பயம் தெளியட்டும். செல்லி வயசானவள், சாது. பின்பக்கமாகப் போகாமல், பேசிக்கொண்டே தோள் பக்கமாகக் கிட்டப் போகவேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. இவை பழகட்டும், மற்றது தானாக வரும்.

அப்புறம் குதிரையின் இதயத் துடிப்பைக் கேட்கும் ஸ்டெதஸ்கோப். அதை நான் சொல்லித் தருகிறேன். இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால், சேணப்பட்டி கட்டும் இடத்தில், உள்ளே தள்ளி அழுத்தினால் கேட்கும். ‘லப்-டப்’ இரண்டும் சேர்ந்து ஒரே துடிப்பு. புதிதாகக் கேட்பவர்கள் அதை இரண்டாக எண்ணிவிட்டுப் பதறுவார்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும்: 16 என்றால் 64. பல போட்டிகளில் அதுதான் எல்லை. சிலவற்றில் இன்னும் குறைவு, உன் போட்டியின் விதியைப் பார்த்துக்கொள். நடுவில் குதிரையை நிறுத்தும்போது, துடிப்பு அந்த எல்லைக்கு இறங்கினால்தான் ஓய்வு நேரத்தை எண்ணவே தொடங்குவார்கள். ஆகவே சேணம் கழற்றுவது நீ, தண்ணீர் ஊற்றுவது அவர் என்று இப்போதே பிரித்துவிடு. கழுத்து, மார்பு, கால்களின் உள்பக்கம், இங்கெல்லாம் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, அங்கே ஊற்றினால் உடம்புச் சூடு தணிந்து துடிப்பும் இறங்கும். வெயில் ஊரென்றால் உடம்பு முழுக்க ஊற்றட்டும். நம்ம மலைக்காற்றில் பின்தொடை மேல் ஊற்ற வேண்டாம், சதை பிடித்துக்கொள்ளும். குதிரை டாக்டர் பார்த்து முடித்ததும் கம்பளியைப் போர்த்திவிட வேண்டும். எலக்ட்ரோலைட்டை, அதான் வியர்வையில் போன உப்பை ஈடுகட்டும் கலவையை, குதிரை நன்றாகத் தண்ணீர் குடித்த பிறகு கொடுத்தால் போதும்.

டாக்டர் முன் ஓட்டிக்காட்டுவதையும் அவர் கற்றுக்கொள்ளட்டும், உன் கால் எப்படி இருக்குமோ. குதிரையின் இடப்பக்கம் தோளுக்கு நேராக ஓட வேண்டும், திரும்பிப் பார்த்து இழுக்கக் கூடாது. கயிறு தளர்வாக இருக்கட்டும். நொண்டுகிறதா என்பதைத் தலை ஆட்டத்தை வைத்தும் டாக்டர் கண்டுபிடிப்பார், இறுக்கிப் பிடித்தால் அது தெரியாது. திரும்பும்போது வலப்பக்கமாக, தன்னைவிட்டு விலக்கித் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் அவர் கால் குளம்படியில் போகும். கேரட் தோட்டத்து ஓர ரோட்டில் செல்லியோடு போய் வரட்டும், அப்பா டாக்டராக நிற்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும் கண்ணு. உனக்கு அவசரத்தில் வார்த்தை தடித்துவிடும். “இதுகூடத் தெரியாதா” என்று நாலு பேர் முன்னால் அவரிடம் கேட்டுவிடாதே. உனக்காக விடியற்காலையில் எழுந்து பக்கெட் தூக்க வருகிற மனுஷர். அடுத்து என்ன செய்யணும் என்பதை ஒரு சீட்டில் வரிசையாக எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிடு. உனக்குச் சாப்பாடு ஊட்டுவதும் அதில் இருக்கட்டும். தயிர் சாதம், மோர், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ். நீ வேண்டாம் என்றாலும் கொடுக்கச் சொல்லி நானே அவரிடம் சொல்கிறேன். அவரும் சாப்பிடணும், நிழலில் உட்கார நாற்காலி வேணும்.

எப்போது வருகிறீர்கள்? குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா என்று முன்னாடியே போன் பண்ணு. மாப்பிள்ளைக்குக் கால் மூடின, வழுக்காத ஷூ இருக்கட்டும், செருப்போடு லாயத்துக்குள் அப்பா விடமாட்டார். ஸ்வெட்டரும் மறக்க வேண்டாம்.

அன்புடன்,
அம்மா