ஒற்றைச் செயின்ரிங் வாங்கும் முன் கேசட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலைச் சைக்கிள் வாங்குவோருக்கான தங்கள் கட்டுரை, முன்புறம் ஒற்றைச் செயின்ரிங்தான் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) சிறந்தது, இரட்டையின் காலம் முடிந்துவிட்டது என்கிறது. அது பாதிதான் சரி. ஏற்றத்தில் கால் தாங்குமா என்பதை முன் ரிங்கின் பல், பின்னால் உள்ள கேசட்டின் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) பல் இரண்டும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

முன்பல் எண்ணிக்கையைப் பின்பல் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 32 பல் ஒற்றை ரிங்கும் 10-51 கேசட்டும் (சிறிய சக்கரத்தில் 10 பல், பெரியதில் 51) இருந்தால் மிக இலகுவான கியர் 0.63, மிகக் கனமானது 3.2. 36, 26 பல் கொண்ட 36/26 இரட்டையும் 11-42 கேசட்டும் என்றால் 0.62, 3.27. வித்தியாசம் காலுக்கே தெரியாது. 29 அங்குலச் சக்கரத்தில் 0.63 கியரை நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏறக்குறைய 5 கி.மீ.

வினை எங்கே வருகிறது என்றால், பின்னால் 10 பல்சக்கரம் உள்ள பழைய 10 வேகச் சைக்கிளில். 11-36 கேசட்டை அப்படியே விட்டுவிட்டு, முன்னால் இருந்த 36/26-ஐக் கழற்றி 32-ஐ மட்டும் மாட்டுகிறார்கள். 0.72 ஆக இருந்த இலகு கியர் 0.89 ஆகிவிடும். அதே ஏற்றத்துக்குக் கிட்டத்தட்ட கால்பங்கு கூடுதலாக அழுத்த வேண்டும். சரி, 28 ரிங் போடலாமே என்றால் 0.78 கிடைக்கும்; ஆனால் உச்ச கியர் 2.55-க்கு இறங்கிவிடும், சமதரையில் கால் சும்மா சுழலும்.

ஆகவே கேசட்டையும் மாற்றியாக வேண்டும். 10 பல் சக்கரம் பழைய எச்ஜி வகை ஃப்ரீஹப்பில் (பின் ஹப்பில் கேசட் மாட்டும் உருளை) ஏறாது. எக்ஸ்டி (XD) அல்லது மைக்ரோ ஸ்ப்லைன் வகை ஃப்ரீஹப் வேண்டும். ஹப்பை மாற்ற மனமில்லாதவர்களுக்கு எச்ஜி-யிலேயே பொருந்தும் 11-50, 11-51 கேசட்டுகள் உண்டு. எதுவானாலும் அவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்கும் பின் டீரெய்லர் (செயினைச் சக்கரம் விட்டுச் சக்கரம் நகர்த்தும் கருவி), அதற்கேற்ற ஷிஃப்டர் (கைப்பிடியில் உள்ள கியர் விசை), செயின் எல்லாம் கூடவே வரும். ஒரு ரிங்கின் விலையில் முடிகிற வேலை இல்லை இது.

முன் டீரெய்லர் இல்லாத இடத்தில் செயினைப் பிடித்து வைப்பது ஒன்றுவிட்டொன்று தடித்தும் மெலிந்தும் இருக்கும் ரிங் பற்களும், பின் டீரெய்லரை ஆடவிடாமல் இறுக்கும் கிளட்சும்தான். பழைய இரட்டை ரிங்கில் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதில் ஓட்டினால் கரடுமுரடான இறக்கத்தில் செயின் கழன்று விழும். செயின் ஒரு ரிங்கிலிருந்து மற்றதுக்கு எளிதாகத் தாவுவதற்காக வெட்டிய பற்கள் அவை. செயின் நீளத்தை டீரெய்லர் வழியாக விடாமல், பெரிய ரிங்கையும் பெரிய பின் பல்சக்கரத்தையும் சுற்றி அளந்து, தயாரிப்பாளர் சொல்லும் கண்ணிகளைக் கூட்டுங்கள். பின் சஸ்பென்ஷன் இருந்தால் அது அமுங்கும்போது பின் அச்சு கிராங்கிலிருந்து மிகத் தள்ளிப்போகும் நிலையில் அளக்க வேண்டும். குட்டையாக வெட்டிவிட்டால் ஒரே அமுக்கில் டீரெய்லர் பிய்ந்துவிடும்.

இரட்டைக்கும் தொல்லை உண்டு. சேற்றில் முன் டீரெய்லர் திணறும். அழுத்தி மிதித்தபடியே ரிங் மாற்றினால் செயின் பல்லைவிட்டு விடுபடாமல் மேலே இழுபட்டு ஃபிரேமில் சிக்கும். ஆனால் மணிக்கணக்கில் ஏறுபவருக்கு 26 ரிங்கில் செயின் பெரும்பாலும் நேராக ஓடும், தேய்மானம் குறையும். ஒற்றையில் அந்த ஏற்றம் முழுவதும் செயின் கேசட்டின் உள்கோடிக்குச் சாய்ந்தே கிடக்கும். நீண்ட பயணக்காரர்களை இரட்டையிலிருந்து விரட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து.

கடையில் ஒற்றை ரிங் சைக்கிளைப் பார்ப்பவர்கள், பின்சக்கரத்தைத் தூக்கி, மிகப் பெரிய பல்சக்கரத்தில் செயினை ஏற்றி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றட்டும். ஓரிரு சுற்றிலேயே செயின் அடுத்த பல்சக்கரத்துக்கு இறங்கினால் செயின்லைனை (செயின் ஓடும் நேர்கோடு) சரிபார்க்கச் சொல்லுங்கள்; ரிங் வெளிப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்