நம்ம வட்டாரப் பெற்றோர் மன்றம்: செயலாளர் ஆண்டறிக்கை 2025

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் வழக்கம்போல வாய்ட் டெக்ல, அதாவது புளோக் கீழ்த்தளத்துத் திறந்த இடத்துல நடந்துச்சு. சிறுவர் தினத்துக்குப் பிள்ளைங்களுக்குப் பரிசு கொடுத்தோம், தீபாவளிக்கு பலகாரம் செஞ்சோம். படமெல்லாம் வாட்ஸப் குரூப்ல இருக்கு.

இந்த வருசம் பெரிய வேலைன்னா நம்ம புளோக் கீழ இருக்குற சைல்ட்கேர்ல செடி வச்சதுதான். நாள் முழுக்க ஏர்கான், சன்னல் மூடியே கிடக்கும், ஒரு பிள்ளைக்கு சளி பிடிச்சா அந்த வாரமே எல்லாத்துக்கும் பிடிக்கும். டீச்சர்ங்ககிட்ட பேசி அரிக்கா பாம், ஸ்பைடர் பிளாண்ட், பாஸ்டன் ஃபெர்ன் வச்சோம். வெயில் படுற வெளித் திண்ணையில ஓமவல்லி. மணி பிளாண்ட் ஏன் வேணாம்னு சொன்னேன்னு சிலருக்கு இன்னும் கோவம், வீட்டுல இருந்து ஆசையா எடுத்துட்டு வந்ததைத் திருப்பி அனுப்பினேன்தான். அதோட இலையில கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியா இருக்கு, கடிச்சா வாயும் தொண்டையும் எரிஞ்சு வீங்கும், டிஃபன்பேக்கியாங்கிற அழகுச் செடியும் அப்படித்தான். ரெண்டு வயசுப் பிள்ளை எதையும் வாயில வைக்கும், அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கூட்டத்துல ஒருத்தர் எழுந்து செடி காத்தைச் சுத்தம் பண்ணாதுன்னு ஆய்வே வந்துருச்சு, எதுக்கு இந்தச் செலவுன்னு கேட்டாரு. ஆய்வு உண்மைதான். 1989ல நாசா சோதனை பண்ணது காத்து புகாம மூடின சின்னப் பெட்டிக்குள்ள, அதை வச்சுத்தான் இத்தனை வருசமா கடைக்காரங்க செடி வித்தாங்க. 2019ல அமெரிக்காவுல ரெண்டு பேர் பழைய ஆய்வெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, கட்டடத்துக்குள்ள சாதாரணமா வந்துபோற காத்து செய்யுற வேலையைச் செடி செய்யணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10ல இருந்து 1,000 செடி வரைக்கும் வேணும்னாங்க. அதனாலதான் செடி வச்ச கையோட, காலையில பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி ஏர்கானை நிறுத்திட்டு சன்னலைத் திறந்துவைக்கச் சொல்லி டீச்சர்ங்ககிட்ட கேட்டு வாங்கினேன், இதைப் பத்தி யாரும் பேசுறதில்லை. புகைமூட்டம் வந்தா மட்டும் சன்னலை மூடிட்டு நுண்தூசியைப் பிடிக்குற ஹெப்பா ஃபில்டர் மெஷின் போடணும், 2013 ஜூன்ல சிங்கப்பூர்ல பிஎஸ்ஐங்கிற காத்து மாசு அளவு 401 வரைக்கும் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதுக்கெல்லாம் செடி உதவாது.

அப்புறம் செடி எதுக்கு? பின்லாந்துல சைல்ட்கேர் முற்றத்துல காட்டு மண்ணும் புல்லும் போட்டுப் பிள்ளைங்களை 28 நாள் விளையாட விட்டாங்க, தோல்லயும் குடல்லயும் இருக்குற கிருமி வகை மாறுச்சு, ரத்தத்துல எதிர்ப்பு சக்தி சீராகுற அறிகுறியும் தெரிஞ்சுது, 2020ல வந்த ஆய்வு. நம்ம தொட்டி அந்த அளவுக்கு ஆகாதுங்க. ஆனா பத்தாவது மாடியில வளர்ற பிள்ளை மண்ணைத் தொட வேற இடம் எங்க இருக்கு? ஓமவல்லி இலையைக் கசக்கி மோந்து பாத்துட்டு எங்க பாட்டி வீட்டு வாசம்னு ஒரு வாண்டு சொல்லுச்சு, எனக்கு அது போதும்.

வருத்தம் ஒண்ணு இருக்கு. தண்ணி ஊத்த ரோஸ்டர் போட்டோம், பேர் கொடுத்தவங்க பாதிப் பேரு வரலை. சீனப் புத்தாண்டு லீவுல ஃபெர்ன் காஞ்சே போச்சு, மழைக்காலத்துல திண்ணைத் தட்டுல தண்ணி நின்னுச்சு, ஏடிஸ் கொசு முட்டை பெரிய கொசுவாக ஒரு வாரம் போதும், டெங்கி வந்தா யார் பதில் சொல்றது? நானும் என் வீட்டுக்காரரும்தான் போய்த் தண்ணியைக் கவுத்துட்டு வந்தோம். சந்தாவும் அதே கதைதான், பலர் போன வருசத்துதே இன்னும் கட்டலை.

கணக்கு பொருளாளர்கிட்ட இருக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, மண்ணு தொட்டி வகையில கொஞ்சம் கூடுதல். தலைவருக்கும் செயற்குழுவுக்கும் டீச்சர்ங்களுக்கும் நன்றி.

அடுத்த வருசம் வகுப்புக்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கணும், மூச்சுவிட்ட காத்து உள்ளயே தேங்கினா அதுல எண் ஏறும், எப்ப சன்னல் திறக்கணும்னு அதைப் பாத்தாலே தெரிஞ்சிரும். சனிக்கிழமை தண்ணி ஊத்த ரெண்டு மூணு பேர் கண்டிப்பா வர்றோம்னா நான் செயலாளரா தொடர்றேன், இல்லைன்னா புதுசா யாராவது பொறுப்பு எடுத்துக்கிட்டாலும் சந்தோசமே. ஜனவரி கூட்டத்துல பேர் கொடுங்க, பாக்கி சந்தாவை அன்னைக்கே பொருளாளர்கிட்ட கட்டிடலாம், பேநவ்ல ஃபோன் வழியா அனுப்பினாலும் வாங்கிக்குவாரு.